அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்க?

நேர்முகத் தேர்வில் தவறாமல் வரும் ஒரே கேள்வி. ஊர் முழுக்க ஒரே பதில். அந்தப் பதில் யாருக்கு உதவுகிறது, யாரைக் காயப்படுத்துகிறது?

காலை ஒன்பதரை மணி. கோவைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரி. இரண்டாம் மாடி வராந்தாவில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆப்டிட்யூட் தேர்வும் டெக்னிக்கல் ரவுண்டும் முந்தைய நாளே முடிந்துவிட்டன. இன்று எச்.ஆர். ரவுண்டு. வந்திருப்பது மோட்டாரும் பம்பும் தயாரிக்கும் ஒரு நிறுவனம்.

வரிசையில் இருக்கும் நான்கு பையன்களுக்கு ஒரே டை. உள்ளே போனவன் வெளியே வந்ததும் முடிச்சை அவிழ்க்காமல் தளர்த்தி, மாலையைக் கழற்றுவதுபோலத் தலைவழியே எடுத்து அடுத்தவன் கழுத்தில் போடுகிறான். முடிச்சுப் போடத் தெரிந்தவன் விடுதியிலேயே ஒருவன்தான். அவனுக்கு இன்று லேப். டை கைமாறும் அந்த அரை நிமிடத்தில் கேள்வியும் கைமாறுகிறது.

“என்ன மச்சி கேட்டாங்க?”

“அதேதான்டா. அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பேன்னு.”

“என்ன சொன்ன?”

“சார் சொல்லிக் கொடுத்ததுதான். மேனேஜீரியல் பொசிஷன்.”

மதியச் சாப்பாட்டுக்கு முன்பாக ஒன்பது பேர் அதே ஆங்கில வாக்கியத்தைச் சொல்லியிருந்தார்கள். பத்தாவதாகப் போனவன் டையைப் பகிர்ந்த நால்வரில் ஒருவன்; சோமனூர்ப் பக்கம் கூலித் தறி ஓட்டும் குடும்பத்துப் பையன், மின்னியல் துறை. அவனும் வாக்கியத்தைத் தொடங்கினான். பாதியில் எச்.ஆர். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “தம்பி, இதை இன்னிக்கு ஒன்பது பேர் சொல்லிட்டாங்க. தமிழ்லயே சொல்லுங்க. உங்களுக்கு என்னதான் பண்ணணும்னு ஆசை?”

பையன் வாயடைத்துப் போனான். நான்கு வருஷப் படிப்பில் அவனிடம் யாரும் இதைத் தமிழில் கேட்டதில்லை.

கேள்விக்குள் இருக்கும் கேள்வி

பெயரளவில் இது லட்சியத்தைப் பற்றிய கேள்வி. கேட்பவருடைய கவலை வேறு: இவன் எப்போது பேப்பர் போடுவான்?

அந்தக் கவலைக்குக் காரணம் உண்டு. கொரோனாவுக்குப் பிறகு ஐ.டி. துறையில் ஆட்கள் நிறுவனம்விட்டு நிறுவனம் தாவிய 2022-ஐ மனிதவளத் துறையினர் இன்னும் மறக்கவில்லை. அந்த ஆண்டு ஜூன் காலாண்டில் இன்ஃபோசிஸ் அறிவித்த ‘அட்ரிஷன்’ 28.4 சதவீதம். செப்டம்பர் காலாண்டில் டி.சி.எஸ். அறிவித்தது 21.5 சதவீதம். பன்னிரண்டு மாதக் கணக்கில், நூறு பேரில் இருபதிலிருந்து முப்பது பேர்வரை கிளம்பிப் போயிருக்கிறார்கள். புதிதாக எடுத்த பட்டதாரி ஒழுங்காக வேலைக்குப் பயன்படவே பல மாதங்கள் ஆகும். அதற்குள் அவர் போய்விட்டால் பயிற்சிச் செலவு, ஆள் தேடும் செலவு எல்லாம் முதலிலிருந்து.

கவலை நியாயமானதுதான். ஆனால் அதற்கு இந்தக் கேள்வி மருந்தாகிறதா? தொழில்சார் உளவியல் ஆய்வுகளைப் பார்த்தால் நம்பிக்கை வரவில்லை. வாய்க்கு வந்ததைக் கேட்டுப்போகும் பேட்டியைவிட, எல்லோருக்கும் ஒரே கேள்விகளை வைத்து ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் பேட்டியே ஒருவர் வேலையில் எப்படி இருப்பார் என்பதைக் கூடுதலாகச் சொல்கிறது. 1998-இல் ஷ்மிட், ஹன்டர் இருவரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்தபோதும் இதுதான் தெரிந்தது; 2022-இல் சாக்கெட் குழுவினர் கணக்கைத் திருத்திப் போட்டபோது அந்த இடைவெளி இன்னும் அகலமானது.

பதில் சொல்பவர் பக்கம் வருவோம். லெவாஷினா, காம்பியன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், வேலை தேடிய கல்லூரி மாணவர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானவர்கள் பேட்டியில் ஏதோ ஒரு வகையில் பூசி மெழுகியிருந்தார்கள். பொய் என்றே சொல்லத்தக்க அளவுக்குப் போனவர்கள், வகையைப் பொறுத்து 28 முதல் 75 சதவீதம். இதற்கு மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்று ஒரு கேள்வி பயமுறுத்தினால், இருபத்தோரு வயதுப் பிள்ளை வேறு என்ன செய்யும்?

▪ பெட்டி: யேல் ஆய்வு — நடக்காத ஒன்று

தமிழ்நாட்டில் தன்னம்பிக்கைப் பயிலரங்கு எதற்குப் போனாலும் இந்தக் கதையைக் கேட்கலாம். 1953-இல் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்களில் 3 சதவீதம் பேர் மட்டுமே தங்கள் இலக்கை எழுதி வைத்திருந்தார்களாம். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தால், அந்த 3 சதவீதத்தின் சொத்து மீதி 97 சதவீதத்தின் மொத்தச் சொத்தைவிட அதிகமாம்.

அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. அமெரிக்காவின் ‘ஃபாஸ்ட் கம்பெனி’ இதழ் 1996-இல் துருவிப் பார்த்து எழுதியது. யேல் பல்கலைக்கழகத் தரப்பிலும் அப்படி எதுவும் இல்லை என்றே சொல்லிவிட்டார்கள். கதை மட்டும் மேடைக்கு மேடை வாழ்கிறது.

▪ பெட்டி: பத்து வருஷத்தில் நாம்

குவாட்பாக், கில்பர்ட், வில்சன் மூவரும் 19,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வு 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. கலந்துகொண்டவர்கள் 18 முதல் 68 வயது வரை. கடந்த பத்து ஆண்டுகளில் தங்கள் குணமும் விருப்பமும் நிறைய மாறிவிட்டன என்றார்கள். அடுத்த பத்து ஆண்டுகளில் அவ்வளவாக மாறாது என்றும் அவர்களே நம்பினார்கள். எந்த வயதினரிடம் கேட்டாலும் இதே கதைதான்.

‘மேனேஜர்’ என்ற பதில்

ஒன்பது பேர் சொன்ன அந்த வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்தாண்டில் மேனேஜர். சொல்லிக் கொடுத்தவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. லட்சியம் உள்ளவன் என்று காட்டும் என்பதற்காகத்தான். ஆனால், அந்தப் பதிலின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது.

2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதத்தை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டவர்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அது பெரும்பாலும் எந்த அடுக்கில்? நடுநிலை, மேல்நிலைப் பொறுப்புகளில். சென்னை சிறுசேரியிலும் சோழிங்கநல்லூரிலும் பதினைந்து, இருபது வருஷ அனுபவத்தோடு வீட்டுக்கடனும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் கட்டிக்கொண்டிருப்பவர்கள் அடிவயிறு கலங்க அந்தச் செய்தியைப் படித்தார்கள். கல்லூரி வராந்தாவில் டை கட்டிக்கொண்டு நிற்கும் பையன் போய்ச் சேருவேன் என்று சொல்வது அதே அடுக்குக்குத்தான்.

இங்கே ஒரு பாரபட்சம் இருக்கிறது. சொல்லித்தான் ஆகவேண்டும். நிறுவனம் வேலைக்கு வருபவரிடம் ஐந்து வருஷக் கணக்குக் கேட்கிறது; தன் தரப்பில் ஆஃபர் லெட்டரில் எழுதித் தருவதோ இரண்டு மாதமோ மூன்று மாதமோ நோட்டீஸ் பீரியட் மட்டும்தான். வளாகத் தேர்வில் தேர்வாகி, சேரும் தேதி தள்ளிப் போய்த் தள்ளிப் போய், உறவினர் கேட்கும்போதெல்லாம் “அடுத்த மாசம்” என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகளின் வீடுகள் இந்த மாநிலத்தில் ஏராளம். எதிர்காலத்தைப் பற்றிப் பதில் சொல்லும் கடமை ஒருவர் பக்கம் மட்டும் இருந்தால், அந்தப் பேட்டியை எப்படி உரையாடல் என்பது?

பெண்களிடம் வரும்போது...

ஆணிடம் ‘எங்கே இருப்பீர்கள்’ என்று வரும் கேள்வி, பெண்ணிடம் வரும்போது உருமாறுகிறது. “வீட்ல மாப்பிள்ளை பார்க்கிறாங்களா?” “கல்யாணத்துக்கு அப்புறமும் சென்னையிலதான் இருப்பீங்களா?” திருமணம் ஆனவரிடம், “குழந்தை பிளான்?” எல்லாமே ‘அஞ்சு வருஷம்’ என்ற பெயரில்தான்.

இதற்கு நீண்ட வரலாறு உண்டு. சி.பி. முத்தம்மா, சென்னையில் படித்தவர். இந்திய வெளியுறவுப் பணியில் நுழைந்த முதல் பெண். தேர்வில் வென்று வந்தவரை, வெளியுறவுப் பணி வேண்டாம் என்று மனம் மாற்றப் பார்த்தவர், முத்தம்மா பின்னாளில் உச்ச நீதிமன்றத்தில் போட்ட மனுவின்படி, தேர்வாணையத் தலைவரே. தம் செல்வாக்கைப் பயன்படுத்தி நேர்முகத் தேர்வில் குறைந்த மதிப்பெண் போட வைத்ததாகவும் அவரே பின்னர் முத்தம்மாவிடம் சொல்லியிருக்கிறார். திருமணம் செய்துகொண்டால் ராஜினாமா செய்வேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் முத்தம்மா பணியில் சேர முடிந்தது. பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1979-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அமர்வு முன் வழக்கு வந்தது. இடையில் பதவி உயர்வு கிடைத்துவிட்டதால் மனு முடித்துவைக்கப்பட்டாலும், பெண் அதிகாரி திருமணத்துக்கு முன்அனுமதி வாங்க வேண்டும் என்ற விதியை அந்தத் தீர்ப்பு கடுமையாகச் சாடியது. அப்படியானால் ஆணுக்கு ஏன் அந்த விதி இல்லை என்று கேட்டது.

இரண்டே ஆண்டில், 1981-இல், ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் வழக்கு. முதல் கர்ப்பத்தோடு வேலை போய்விடும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் பணியில் சேர்ந்த நான்கு ஆண்டுக்குள் திருமணம் செய்யக் கூடாது என்ற விதியை அப்படியே விட்டுவிட்டது. 1991-இல் எல்.ஐ.சி. வழக்கில், வேலைக்கு வரும் பெண்ணின் மாதவிலக்கு விவரங்களைக்கூடக் கேட்ட உறுதிமொழிப் படிவத்திலிருந்து அந்தக் கேள்விகளை நீக்கச் சொன்னது.

பழைய கதை என்று ஒதுக்க முடியாது. 2024 ஜூனில், ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில் வேலைக்கு ஆள் எடுக்கும்போது திருமணமான பெண்கள் ஒதுக்கப்படுகிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. ஆலையை நடத்தும் ஃபாக்ஸ்கான் நிறுவனம் பாகுபாட்டுக் குற்றச்சாட்டை மறுத்தது. மத்தியத் தொழிலாளர் துறை தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. ஆள் எடுக்கும்போது பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976-ஆம் ஆண்டு சம ஊதியச் சட்டமே சொல்லியிருந்தது. அதன் இடத்தில் வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது.

சட்டம் இருக்கிறது, ஆனால் பேட்டி அறைக்குள் சட்டப் புத்தகத்தை விரிக்க எந்தப் பெண்ணாலும் முடியாது. வேலை வேண்டும், மானமும் வேண்டும். மனிதவளத் துறையில் இருக்கும் பெண்களே தங்கள் தங்கைகளுக்குச் சொல்லித் தரும் வழி ஒன்று உண்டு: கல்யாணத்தைப் பற்றிய கேள்விக்கு வேலையைப் பற்றிப் பதில் சொல்வது. “அது வீட்டு விஷயம் சார், வேலைக்கு இடைஞ்சலா வராது. முதல் ரெண்டு வருஷம் டெஸ்டிங்ல கையை நல்லாப் பழக்கிக்கணும், அதுக்கப்புறம் ஆட்டோமேஷன் பக்கம் போகணும்னு இருக்கேன்.” குரலை உயர்த்தவேண்டியதில்லை, எந்த உறுதிமொழியும் தரவேண்டியதில்லை. அதற்கு மேலும் துருவினால், அங்கே வேலை செய்வது எப்படி இருக்கும் என்று அந்த அறையே சொல்லிவிட்டது.

வாய் வார்த்தை கையெழுத்தாகும்போது

“கண்டிப்பா அஞ்சு வருஷம் இருப்பேன் சார்” என்று பேட்டியில் உற்சாகமாகச் சொன்னவருக்கு, ஆஃபர் லெட்டரோடு ஒரு முத்திரைத்தாளும் வரலாம். இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ வேலை செய்ய வேண்டும். இடையில் போனால் இவ்வளவு ரூபாய் கட்ட வேண்டும். நம் ஊரில் அதன் பெயர் ‘பாண்ட்’.

“பாண்ட் எல்லாம் கோர்ட்ல செல்லாதுப்பா” என்று சீனியர்கள் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போடும் பிள்ளைகள் அதிகம். இது பாதி உண்மை. ஒருவரைத் தொழில் செய்ய விடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு. ஆனால் 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறொன்றைத் தெளிவாக்கியது. 2007-இல் சேர்ந்த அதிகாரி ஒருவர் குறைந்தது மூன்று ஆண்டு பணிபுரிய வேண்டும், இல்லாவிட்டால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். அவர் 2009-இல் வேறு வங்கிக்குப் போனார்; பணத்தை ஆட்சேபத்தோடு கட்டிவிட்டு வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றத்தில் வென்றார், உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். பணிக்காலத்துக்குள்ளான அந்த நிபந்தனை 27-ஆவது பிரிவுக்கு எதிரானதல்ல, பொதுத்துறை வங்கி ஆள் எடுக்கச் செய்யும் செலவைப் பார்த்தால் அந்தத் தொகையும் அநியாயமல்ல என்றது நீதிமன்றம்.

ஆகவே, எந்தத் தொகையும் செல்லும் என்றும் பொருளல்ல; எதுவும் செல்லாது என்றும் பொருளல்ல. கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை: எத்தனை மாதம், எவ்வளவு தொகை, நாள் போகப் போகத் தொகை குறையுமா, நிறுவனமே வெளியே அனுப்பினால் என்ன ஆகும். இன்னொன்று: அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்றால் தயங்காமல் மறுக்கலாம். சரிபார்க்க ஒரு நாள் போதும். மூன்று வருஷம் பூட்டிவைக்க அவசியம் எதுவும் இல்லை.

▪ பெட்டி: நிஜமாகவே ஐந்து வருஷம் இருந்தால்

பணிக்கொடைச் சட்டம் வந்தது 1972-இல். தொடர்ந்து ஐந்து ஆண்டு வேலை செய்தவருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் (மாதம் 26 நாள் கணக்கில்). கணக்கில் வரும் சம்பளம் 20,000 ரூபாய் என்றால் ஐந்து ஆண்டுக்குச் சுமார் 57,692 ரூபாய்.

ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே ஐந்து ஆண்டாகக் கொள்ளலாம் என்பது மேட்டூர் பேர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, குறிப்பிட்ட கால ஒப்பந்த ஊழியருக்கு ஓராண்டிலேயே இந்த உரிமை உண்டு.

எரிந்துபோன காயில்

கோவைப் பையனிடம் திரும்புவோம். வாயடைத்து நின்றவன், கொஞ்ச நேரம் கழித்துப் பேசினான்.

“சார், எங்க வீட்ல தறி ஓட்டறோம். மோட்டார் அடிக்கடி எரிஞ்சு போயிடும். காயில் கட்டக் கொடுத்தா ரெண்டு நாள் தறி நிக்கும், அந்த வாரம் கூலி குறையும். தேர்ட் இயர் படிக்கும்போதுதான் ஏன்னு புரிஞ்சுது. மூணு ஃபேஸ்ல ஒண்ணு போயிட்டாலும் மோட்டார் நிக்காம ஓடுது. மீதி ரெண்டு ஃபேஸ்ல கரண்ட் ஏறி, காயில் சூடாகி எரியுது. அப்பாவுக்கு, ஃபேஸ் போனா மோட்டாரை நிறுத்துற ஒரு பிரிவென்டர் வாங்கி மாட்டினேன். அதுக்கப்புறம் ஒரு தடவைகூட எரியல. மோட்டார் எதனால சாகுதுன்னு முழுசாக் கத்துக்கணும் சார். அஞ்சு வருஷத்துல சர்வீஸ்ல இருந்து டிசைன் பக்கம் போகணும்.”

அதற்குப் பிறகு பத்து நிமிடம் அந்த அறையில் பேச்சு மோட்டாரைப் பற்றித்தான் நடந்தது.

இந்தப் பதிலில் பதவியின் பெயரே இல்லை. வேலை இருக்கிறது. அவன் ஏன் அந்த வேலைக்கு வந்தான் என்பதும், எதைக் கற்க வேண்டும் என்பதும் இருக்கின்றன. அந்த நிறுவனத்தில் அது நடக்கும் என்பதும் சொல்லாமலே தெரிகிறது. கேட்பவருடைய கவலைக்கும் அதில் மருந்து கிடைக்கிறது: இவன் இங்கே கற்கும்வரை போகமாட்டான். இப்படி ஒரு பதிலை மனப்பாடம் செய்யவும் முடியாது, பக்கத்து நாற்காலிக்காரனுக்குக் கடன் கொடுக்கவும் முடியாது.

எல்லோர் வீட்டிலும் தறி இருக்காது. ஆனால் கடைசி வருஷ புராஜெக்ட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு ஓடாமல் நின்ற புரோகிராம் இருக்கும். மருத்துவமனைப் பயிற்சியில் நர்சிங் மாணவியை உலுக்கிய ஒரு நோயாளி இருப்பார். திருப்பூரில் ஷிப்மென்ட் தேதி நெருங்கும்போது மெர்ச்சண்டைசர் படும் பாட்டைப் பார்த்த அனுபவம் இருக்கும். பதிலை அங்கிருந்து தொடங்கலாம். முதலில் அம்மாவிடம் தமிழில் சொல்லிப் பார்க்க வேண்டும். அவருக்குப் புரிந்தால், ஆங்கிலத்தில் நான்கு எளிய வாக்கியமாக்குவது பெரிய வேலையில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் தடுமாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஆங்கிலம் இல்லை; தனக்கு என்ன வேண்டும் என்று எந்த மொழியிலும் சொல்லிப் பழகாததே.

டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்துக்கொண்டே தனியார் வேலைக்கு வருபவர்களின் சங்கடம் தனி. பெருங்குடியிலும் அம்பத்தூரிலும் பகலில் வேலை பார்த்துவிட்டு, இரவில் சமச்சீர்ப் பாடப்புத்தகத்தை விரித்து வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். “வேறு எதுக்கும் தயாராகலை” என்று அவர்கள் பொய் சொல்லவேண்டியதில்லை. கேட்காத விஷயத்தைத் தானாக ஒப்பிக்கவும் வேண்டியதில்லை. இந்த வேலையில் இருக்கும்வரை என்ன செய்து முடிப்பேன் என்பதை உறுதியாகச் சொல்லலாம். கணக்கெழுத வந்தவர், “முதல் வருஷத்துலயே ஜி.எஸ்.டி. ஃபைலிங்கைத் தனியாப் பார்க்கிற அளவுக்கு வந்துடுவேன்” என்றால் அது நேர்மையான பதில்தான். பிறகு அதைச் செய்தும் காட்டவேண்டும்.

பிள்ளை வளர்க்க நான்கைந்து வருஷம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்புகிற பெண்களும், நாற்பதுக்கு மேல் வேலை மாறுகிறவர்களும் மன்னிப்புக் கேட்கிற தொனியில் பேசுகிறார்கள். தேவையே இல்லை. இடைவெளியை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்தில் வேலைக்கு வந்துவிடலாம்.

மேஜைக்கு அந்தப் பக்கம்

கேட்பவர்களும் மாறவேண்டும். மத்திய அரசு 2016 ஜனவரி முதல் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகத் தேர்வையே எடுத்துவிட்டது. தனியார் நிறுவனங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். கேள்வியை மாற்றினால் போதும். 1980-இலேயே கேரி லேதம் குழுவினர் ‘இப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வீர்கள்’ என்று கேட்கும் பேட்டி முறையை வகுத்துக் கொடுத்துவிட்டார்கள். “போன ஆறு மாசத்துல நீங்களா ஆசைப்பட்டுக் கத்துக்கிட்டது என்ன?” என்று கேட்டால், ஐந்தாண்டுக் கேள்வியில் கிடைக்காத எல்லாமே அதில் கிடைத்துவிடும்.

“ஏதாவது கேக்கணுமா?” என்று கடைசியில் வரும்போது பெரும்பாலான மாணவர்கள் “நோ சார்” என்று எழுந்துவிடுகிறார்கள். அது வீணாய்ப்போகும் வாய்ப்பு. “அஞ்சு வருஷம் முன்னாடி இந்த வேலைக்குச் சேர்ந்தவங்க இப்ப என்ன பண்றாங்க சார்?” பணிவாகக் கேட்கக்கூடிய கேள்விதான். பதிலைவிட, பதில் வர எடுத்துக்கொள்ளும் நேரம் நிறையச் சொல்லும்.

கோவைக் கல்லூரியில் அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். பதினோரு பெயர். தறிக்காரர் வீட்டுப் பையன் பெயர் ஆறாவதாக இருந்தது. டையைப் பகிர்ந்துகொண்ட நான்கு பேரில் இன்னொருவனுக்கும் கிடைத்தது. மற்ற இருவரும் அடுத்த வாரம் வரும் கம்பெனிக்கு அதே டையைப் பத்திரப்படுத்திக்கொண்டார்கள்.

ஆஃபர் லெட்டர் வந்த அன்று, அப்பா தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்து, மகன் படிக்கப் படிக்கக் கேட்டார். நான்காம் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார்.

“ரெண்டு வருஷம்னு போட்டிருக்குதே சாமி. நடுவுல வந்துட்டா எவ்வளவு கட்டோணும்?”

மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே அவன் கல்லூரிக்குப் போனான், பிளேஸ்மென்ட் ஆபீசரிடம் அதைக் கேட்க.